லேத் பட்டறையில் பிறந்த பீரங்கிகள்: தென்னாப்பிரிக்கப் பயணக் குறிப்புகள்

வெள்ளி, ஜோகன்னஸ்பர்க்

சாக்ஸன்வோல்டில் உள்ள தேசிய ராணுவ வரலாற்று அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் முதலில் தேடிப்போவது மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் விமானத்தை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் ஜெர்மனி பறக்கவிட்டது. அதிலும் இது இரண்டு பேர் உட்காரும் இரவுச் சண்டை வகை. என் சித்தப்பா மகன் இங்கே ஐ.டி. வேலையில் இருக்கிறான். அவனும் அதைக் காட்டத்தான் கூட்டிப்போனான். நான் போய் நின்றது ஸ்டென் துப்பாக்கிக்கு முன்னால்.

கோயம்புத்தூரில் லேத் பட்டறை நடத்துகிறவன் கண்ணுக்கு ஸ்டென் என்பது ஒரு குழாய், ஒரு ஸ்பிரிங், கொஞ்சம் தகடு, மீதியெல்லாம் வெல்டிங். 1940ல் டன்கிர்க்கிலிருந்து தப்பிய பிரிட்டிஷ் படை ஆயுதங்களைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போனது. கை வெறுமையாக இருந்த நேரத்தில், 1941ல், அவசரமாக வரைந்து அவசரமாகச் செய்தது இது. உதிரி பாகங்களைச் சின்னச் சின்னப் பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுத்துச் செய்வித்தார்கள். நம் ஊரில் பம்புசெட் கம்பெனிகள் ஜாப் ஒர்க் கொடுக்கிற அதே முறைதான். போர் முடிவதற்குள் சுமார் 40 லட்சம் செய்துவிட்டார்கள். 9 மில்லிமீட்டர் தோட்டா என்பதால் பிடிபட்ட ஜெர்மன் தோட்டாவும் அதில் ஓடும். கீழே விழுந்தால் தானாக வெடிக்கிற கெட்ட பழக்கமும் உண்டு. வெல்டிங் மேலே பிசிறுகூடத் தேய்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். என் பட்டறையில் ஒரு பையன் இப்படி ஒரு பீஸைக் கொண்டுவந்து நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

தம்பியிடம் அப்புறம்தான் திட்டத்தைச் சொன்னேன். கேப் டவுன் வேண்டாம், சிங்கம் வேண்டாம். 1899 முதல் 1902 வரை பிரிட்டனும் இரண்டு போயர் குடியரசுகளும் மோதிய போரில், போயர்களின் முற்றுகையில் மாட்டிய பிரிட்டிஷ் ஊர்கள் கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிய ஆயுதங்களைப் பார்க்க வேண்டும். போயர்கள் என்றால் இங்கே குடியேறிய டச்சுக்காரர்களின் வழிவந்தவர்கள். கிம்பர்லி, புளூம்ஃபொன்டெய்ன், லேடிஸ்மித், கடைசியில் டர்பன். அவன் லீவு போட்டுவிட்டான், பாவம்.

இந்த வரிசையில் மாஃபெகிங்கும் வந்திருக்க வேண்டும். வழி சுற்று, நாள் போதாது. ஆனால் அந்த ஊர்க் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. 1899 அக்டோபரிலிருந்து 1900 மே வரை 217 நாள் முற்றுகை. ஒரு தோட்டத்தில் வாசல் தூணாக நட்டுவைத்திருந்த பழைய கப்பல் பீரங்கியைப் பிடுங்கிக் கொண்டுவந்தார்கள். 1770ஆம் வருட வார்ப்பு. ‘லார்ட் நெல்சன்’ என்று பெயர் வைத்து, இரும்பு உருண்டை போட்டுச் சுட்டார்கள். ரயில்வே பட்டறைக்காரர்கள் இரும்புக் குழாயைக் குழலாக்கி இன்னொரு பீரங்கியே செய்துவிட்டார்கள். அதன் பெயர் ‘ஓநாய்’. காலி டப்பாவில் டைனமைட் அடைத்த வெடிகுண்டுகளை ஒரு சார்ஜென்ட் தூண்டில் கோலில் மாட்டி எதிரி அகழிக்குள் வீசினார். அவர் தூண்டில் வீச்சில் பேர்போன ஆள். மணல் நிரப்பிய பெட்டிகளைக் கண்ணிவெடி என்று ஊரைச் சுற்றிப் புதைத்து எதிரியை ஏமாற்றினார்கள் என்பதும் அதே ஊர்தான்.

சனி, கிம்பர்லி

என்12 சாலையில் சுமார் 475 கிலோமீட்டர். சோளக்காடு, மாடு, தூரத்தில் ஒரு காற்றாலை, மறுபடியும் சோளக்காடு. வழியில் பேச ஒன்றுமில்லை. வைரத்துக்காகத் தோண்டிய பெருங்குழியை அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு, போர் நினைவுச் சின்னத்துக்கு வந்துவிட்டோம்.

ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த மணற்கல் மண்டபம். அதன் அடியில் நிற்கிறது ‘லாங் செசில்’. இதைப் பார்க்கத்தான் நான் கடல் தாண்டி வந்தேன் என்றே சொல்லலாம்.

முற்றுகை தொடங்கியது 1899 அக்டோபர் 14. ஊருக்குள் இருந்த பீரங்கிகளெல்லாம் சின்னவை. அவற்றின் குண்டு போயர்களின் கூடாரம் வரை போகாது. போயர்களின் குண்டு ஊருக்குள் விழும். வைரக் கம்பெனி டி பியர்ஸின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் லாப்ராம் ஓர் அமெரிக்கர். சுரங்க இயந்திரம்தான் அவர் தொழில். வாழ்க்கையில் பீரங்கி செய்ததே கிடையாது. தலைமை வரைவாளர் எட்வர்ட் காஃப் கூட இருந்தார். ஊரில் அகப்பட்ட பொறியியல் நூல்களைப் புரட்டி வரைபடம் போட்டார்கள். கிடங்கில் சுரங்க ஷாஃப்டுக்காக வாங்கிப்போட்டிருந்த எஃகு உருளை ஒன்று கிடந்தது. பத்தடி நீளம், பத்தரை அங்குலக் கனம். அதை லேத்தில் ஏற்றினார்கள். 24 நாளில் பீரங்கி தயார். 4.1 அங்குலத் துளை, 28 பவுண்டு குண்டு. 1900 ஜனவரி மூன்றாம் வாரத்தில் முதல் வெடி. இந்த ஊரில் இவ்வளவு தூரம் அடிக்கிற பீரங்கி கிடையாது என்று நிம்மதியாக இருந்த போயர் முகாமில், ஆறேழு கிலோமீட்டர் தாண்டிப் போய் விழுந்தது குண்டு. முற்றுகை முடிவதற்குள் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குண்டுகள் சுட்டார்கள். குண்டுகளும் அதே பட்டறையில் வார்த்தவைதான்.

பொறியாளர் கண்ணோடு கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், வேண்டாதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிக்கொள்ளுங்கள். பத்தடி நீள உருளையில் நடு பிசகாமல் ஒரு துளை போடுவது விளையாட்டு இல்லை. போகப் போகக் கட்டர் ஒரு பக்கம் இழுக்கும். சீவல் உள்ளே சிக்கும். ஓரளவு உள்ளே போனபின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, சத்தத்தை வைத்துத்தான் வேலை. துளை போட்டது பாதிக் கிணறு. குண்டு சுழன்று போக உள்சுவரில் திருகுவரி இழுக்க வேண்டும். அதற்கு உலகமெங்கும் தனி இயந்திரம் வைத்திருப்பார்கள். இவர்கள் அந்தக் கருவியையே முதலில் செய்ய வேண்டியிருந்தது. அப்புறம், வெறும் ஷாஃப்ட் எஃகு வெடியின் அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே பின்பாதியில் இரும்பு வளையங்களைக் காயவைத்து ஏற்றி, ஆறும்போது இறுகவிட்டிருக்கிறார்கள். மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிற கொல்லரின் வேலைதான், அளவு மட்டும் மயிரிழை. வளையங்கள் சேரும் இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். படி தட்டுப்படுகிறது, ஆனால் சுற்று முழுக்க ஒரே படி. அதைத் திருகிய டர்னர் யாரென்று எந்தப் பலகையிலும் இல்லை. காவலுக்கு நின்றவர் நான் தடவியதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார், தடுக்கவில்லை.

போயர்கள் சும்மா இருக்கவில்லை. பிப்ரவரி 7ஆம் தேதி ‘லாங் டாம்’ எனும் 155 மில்லிமீட்டர் பிரெஞ்சுப் பீரங்கியைக் கொண்டுவந்து ஊருக்குள் அடிக்கத் தொடங்கினார்கள். குண்டு ஒவ்வொன்றும் 94 பவுண்டு. அதாவது நம்ம லாங் செசிலின் குண்டைப்போல மூன்று மடங்குக்கு மேல். பெண்களையும் குழந்தைகளையும் ஆயிரக்கணக்கில் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். பிப்ரவரி 9 மாலை, லாப்ராம் கிராண்ட் ஹோட்டல் அறையில் இரவுச் சாப்பாட்டுக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு குண்டு நேராக அந்த அறைக்குள் வந்தது. ஆறு நாள் கழித்து முற்றுகை முடிந்தது.

1902ல் டி பியர்ஸை நிறுவிய செசில் ரோட்ஸ் இறந்தபோது கேப் டவுனில் அவர் சவப்பெட்டியை இந்தப் பீரங்கி வண்டிமேல் வைத்துத்தான் இழுத்துப் போனார்கள். பெயரும் ரோட்ஸ் பெயர், ஊர்வலமும் ரோட்ஸ் ஊர்வலம். எனக்கென்னவோ இது லாப்ராமின் பீரங்கி.

ஞாயிறு, புளூம்ஃபொன்டெய்ன்

நேற்று ராத்திரி தங்கிய விடுதியில் மின்வெட்டு. ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொல்லித்தான் அறை கொடுத்தார்கள். அது டீசல் இல்லாமல் நின்றிருந்தது. கைபேசி வெளிச்சத்தில் ரொட்டி தின்றுவிட்டுப் படுத்தோம். காலையில் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான ஓட்டம்.

இங்குள்ள போயர் குடியரசுகளின் போர் அருங்காட்சியகம் எதிர்ப்பக்கத்தின் கதையைச் சொல்கிறது. பீரங்கியைவிடக் கையில் ஏந்திய துப்பாக்கிகள்தான் இங்கே சுவாரஸ்யம். போயர் படை என்றால் சீருடைப் படை இல்லை. குதிரை வைத்திருக்கும் விவசாயிகள். வீட்டில் தாத்தா காலத்திலிருந்து கிடந்த துப்பாக்கியும் வரும், அரசாங்கம் புதிதாக வாங்கிக்கொடுத்ததும் வரும். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்ற பழைய துப்பாக்கிக்குக் ‘குரங்கு வால்’ என்று செல்லப்பெயர். மேலே வளைந்திருக்கும் நெம்புகோலைத் தூக்கினால் பின்பக்கம் திறக்கும், தோட்டாவை வைத்து மூடலாம். அந்த நெம்புகோல்தான் வால். போர்ச்சுகல்காரர்களுக்காக ஆஸ்திரியாவில் செய்து, அவர்கள் வேண்டாமென்று தள்ளிய கெடெஸ் துப்பாக்கி இருக்கிறது. ஒரு தடவைக்கு ஒரு தோட்டா. மலிவாகக் கிடைத்ததென்று, இரண்டு போயர் குடியரசுகளில் ஒன்றான டிரான்ஸ்வாலின் அரசு வாங்கிப்போட்டது. நார்வேக்காரர்களின் கிராக் ஒன்றிரண்டு.

எல்லாவற்றுக்கும் ராஜா 7 மில்லிமீட்டர் மௌசர். டிரான்ஸ்வால் மட்டும் சுமார் 37,000 வாங்கியது. மரக்கட்டையில் அவரவர் பெயரைக் கத்தியால் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு கட்டையைக் கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்தேன். முதலெழுத்துகளும் வருடமும் ஆழமாக, நேராக. அதற்குக் கீழே கொடி ஓட்டம் ஒன்று ஆரம்பித்துப் பாதியில் நிற்கிறது. செதுக்கியவன் மர வேலை தெரிந்தவன், உளி பிடித்த கை.

1900க்குப் பிறகு போர் கெரில்லாச் சண்டையாக மாறியது. மௌசர் தோட்டா வெளிநாட்டிலிருந்து வர வழியில்லை. மௌசரை வீசிவிட்டு, பிடிபட்ட பிரிட்டிஷ் லீ-மெட்ஃபோர்டுகளைத் தூக்கிக்கொண்டார்கள். தோட்டா எங்கிருந்து? பிரிட்டிஷ் படை தங்கிப் போன இடங்களில் சிப்பாய்கள் சிந்திவிட்டுப் போனதைப் பொறுக்கியே ஒரு படை பல மாதம் சண்டை போட்டது. ரயிலைக் கவிழ்க்கும் வேலைக்கு மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய துப்பாக்கியின் குழலையும் கட்டையையும் அறுத்து எறிந்துவிட்டு, அதன் விசைப் பகுதியை மட்டும் தண்டவாளத்துக்கு அடியில் டைனமைட்டோடு புதைத்தார்கள். எஞ்சினே விசையை அழுத்திக்கொள்ளும். ஜேக் ஹிண்டன் என்பவரின் குழு இதில் பேர்போனது. இந்த மாதிரி மூளையைப் பாராட்டுவதா வேண்டாமா என்று எனக்குள் ஒரு இழுபறி ஓடியது. எஞ்சின் ஓட்டுநரும் தொழிலாளிதானே.

இதற்கு இருபது வருடம் முன்னால் நடந்த முதல் போயர் போரிலும் ஒரு கொல்லர் கதை உண்டு. 1880-81ல் ருஸ்டன்பர்க் முற்றுகையின்போது ராஸ் என்ற விவசாயி, வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி அடித்துப் பீரங்கி செய்தார். லாப்ராமிடம் லேத் இருந்தது. ராஸிடம் உலையும் சம்மட்டியும்தான்.

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே பெண்கள் நினைவுத் தூண். பிரிட்டிஷ் முகாம்களில் அடைத்து வைக்கப்பட்டு இறந்த 26,000க்கும் மேற்பட்ட போயர் பெண்கள், குழந்தைகளுக்காக 1913ல் எழுப்பியது. கறுப்பினத்தவருக்கும் தனி முகாம்கள் இருந்தன, அங்கும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அங்கே நாங்கள் துப்பாக்கியைப் பற்றி எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

திங்கள், லேடிஸ்மித்

ஹாரிஸ்மித் வழியாக வந்து, வான் ரீனன் கணவாயில் இறங்கியதும் நிலமே மாறிவிட்டது. பச்சை, மலை, ஈரக்காற்று. தம்பியின் நண்பர் வீட்டில் தங்கல். அவருடைய கொள்ளுத்தாத்தா சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவர். வீட்டில் பேசுவது ஆங்கிலம். ஆனால் பூஜை அறையில் முருகன், சமையலறையில் புளிக்குழம்பு. அவருடைய அம்மா மட்டும் எங்களோடு தமிழ் பேசினார். “சாப்டியா தம்பி? நல்லா சாப்புடு” என்று மறுபடி மறுபடி அதையே கேட்டார்.

நகர மன்றத்துக்கு முன்னால் காஸ்டர், போலக்ஸ் என்று இரண்டு குட்டைப் பீரங்கிகள். 6.3 அங்குல வாய், குண்டை முன்பக்கமாகப் போட்டு இடிக்கும் அந்தக் காலத்துச் சரக்கு. போர் வந்ததும் துருவைத் துடைத்து லேடிஸ்மித்துக்கு அனுப்பினார்கள். பக்கத்தில் லாங் டாமின் மாதிரி ஒன்று நிற்கிறது. அளவு அப்படியே. கிம்பர்லியில் லாங் செசிலைப் பார்த்துவிட்டு இதன் பக்கத்தில் நின்றால் அண்ணன் தம்பி மாதிரி இல்லை, அப்பன் மகன் மாதிரி இருக்கிறது.

லாங் டாம் நான்கை டிரான்ஸ்வால் 1897ல் பிரிட்டோரியா கோட்டைகளுக்காக வாங்கியது. கோட்டைச் சுவரில் நிலையாக நிற்க வேண்டிய பீரங்கி அது. மாடு பூட்டி மலைமேல் இழுத்துவருவார்கள் என்று பிரிட்டிஷ்காரர்கள் எதிர்பார்க்கவில்லை. சரி, பதிலுக்கு என்ன செய்தார்கள்? கப்பலிலிருந்து பீரங்கியைக் கழற்றினார்கள். ‘டெரிபிள்’ போர்க்கப்பலின் கேப்டன் பெர்சி ஸ்காட், கப்பல் தளத்தில் போல்ட் போட்டு நிறுத்தும் 4.7 அங்குலப் பீரங்கிக்குத் தரையில் நிற்க மரக்கட்டைகளால் மேடை செய்து கொடுத்தார். இரண்டு பீரங்கிகள் டர்பனில் இறங்கி, 1899 அக்டோபர் 30ஆம் தேதி, முற்றுகைக்கு மூன்று நாள் முன்னால், ரயிலில் இங்கே வந்து சேர்ந்தன. வராமல் போயிருந்தால் லாங் டாமுக்கு எட்டுகிற எதுவும் இந்த ஊரில் இல்லை.

இப்போது கதை கிம்பர்லிக்குத் திரும்ப வேண்டும். டிசம்பர் 7 இரவு பிரிட்டிஷ் படையினர் இருட்டில் கன் ஹில் குன்றின்மேல் ஏறி, அங்கிருந்த லாங் டாமின் குழலில் வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். ஊரே கொண்டாடியது. போயர்கள் அதைப் பிரிட்டோரியாவுக்குக் கொண்டுபோய் ரயில்வே பட்டறையில் ஏற்றினார்கள். சிதைந்த முன்முனையை அறுத்துத் தள்ளிச் சீர்செய்தார்கள். குழல் கொஞ்சம் குட்டையானது, ஆனால் சுட்டது. அப்படிச் சரிசெய்த பீரங்கியைத்தான் கிம்பர்லிக்கு அனுப்பினார்கள். லாப்ராமின் அறைக்குள் குண்டு வந்தது இதிலிருந்துதான். ஒரு பட்டறையில் செய்த பீரங்கிக்கு இன்னொரு பட்டறையிலிருந்து பதில். பிரிட்டோரியாவில் அந்த முனையை அறுத்தவனும் ஒரு டர்னர்தான். அவன் பெயரையும் நான் எந்தப் பலகையிலும் பார்க்கவில்லை.

மாலை வெயிலில் உம்புல்வானா குன்று தட்டையாக, ஊரைப் பார்த்தபடி நின்றது. அதன் மேலிருந்த லாங் டாம் கரிமருந்தில் சுடுவது. சுட்டதும் வெள்ளைப் புகை பெரிதாகக் கிளம்பும். குண்டு ஊருக்கு வந்து சேர இருபது நொடி போல ஆகும். அந்த இருபது நொடியில்தான் பிரபு சிங் என்ற ஒப்பந்தக் கூலி வருகிறார். மரத்தின் மேல் உட்கார்ந்து குன்றையே பார்த்துக்கொண்டிருப்பார். வெளிச்சம் தெரிந்ததும் மணியை அடிப்பார். ஊர் பள்ளத்துக்குள் பதுங்கும். மரத்தின் மேல் இருப்பவருக்கு மட்டும் பதுங்க இடம் கிடையாது. போருக்குப் பின் கர்சன் பிரபுவின் மனைவி இந்தியாவிலிருந்து அவருக்கு ஒரு காஷ்மீர் அங்கி அனுப்பி, டர்பனில் பொதுக்கூட்டத்தில் அதை அணிவித்தார்கள். இந்தப் போரில் நான் இதுவரை பார்த்த கருவிகளிலேயே சிக்கனமானது அந்த மணிதான்.

கிறிஸ்துமஸ் அன்று போயர்கள் வெடிமருந்துக்குப் பதிலாகப் புட்டிங் அடைத்து வாழ்த்தோடு ஒரு குண்டைச் சுட்டார்கள் என்ற கதையை நண்பரின் அம்மாவுக்குச் சொன்னேன். “பாயசம் அடைச்சாங்களா?” என்று கேட்டுச் சிரிசிரியென்று சிரித்தார். அதே முற்றுகையின் கடைசி வாரங்களில் ஊரார் குதிரையைக் கொதிக்கவைத்துக் குடித்ததை நான் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம்.

செவ்வாய், கொலென்சோ, ஸ்பியோன்கோப்

கொலென்சோ ஒரு தூங்கும் ஊர். டுகேலா ஆறு, பாலம், மூடிக்கிடக்கும் மின் நிலையம். இந்த வட்டாரத்தில்தான் ‘ஹேரி மேரி’ ஓடியது. ரயில் எஞ்சினுக்குக் கவசத் தகடு போதவில்லை என்று, கப்பல் கட்டும் தடித்த கயிற்றை எஞ்சின் முழுக்கத் தொங்கவிட்டார்கள். புகைப்படத்தில் பார்த்தால் சடாமுடி வளர்த்த சாமியார். தோட்டா கயிற்றில் சிக்கி நின்றுவிடும். கடற்படை ஆட்களுக்குக் கயிறுதானே கைவசம்!

ஸ்பியோன்கோப்புக்கு ஏறும்போது தம்பிக்குத் திடீரென்று உற்சாகம். அவன் லிவர்பூல் கால்பந்து அணியின் ரசிகன். ஆன்ஃபீல்டு மைதானத்தின் கோப் மேடைக்கு 1906ல் இந்தக் குன்றின் பெயரைத்தான் வைத்தார்கள். கைபேசியில் பாட்டைப் போட்டுவிட்டான். மேலே போனதும் அவனே நிறுத்திவிட்டான். ஏனென்றால் மேலே பார்ப்பது அகழி. அதுவே கல்லறையும்.

1900 ஜனவரி 24. இரவில் மூடுபனியில் ஏறிய பிரிட்டிஷ் படை, உச்சி என்று நினைத்த இடத்தில் அகழி தோண்டியது. பாறை. முட்டியளவுகூடப் போகவில்லை. பனி விலகியதும் சுற்றிலும் உயரமான இடங்களிலிருந்து மௌசர்கள். இரு பக்கத் துப்பாக்கிகளின் வித்தியாசம் இங்கே நின்றால் புரியும். மௌசருக்கு ஐந்து தோட்டாவை ஒரு தகட்டுப் பட்டையில் கோத்து, கட்டைவிரலால் ஒரே அழுத்தில் இறக்கலாம். லீ-மெட்ஃபோர்டின் பெட்டியில் பத்துத் தோட்டா பிடிக்கும், ஆனால் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். படுத்துக்கொண்டு, வெயிலில், கை நடுங்கும்போது. போர் முடிந்த கையோடு பிரிட்டிஷ் ராணுவம் தன் துப்பாக்கியைப் பட்டையில் நிரப்பும் வகைக்கு மாற்றிக்கொண்டது. அந்தச் சின்னத் தகட்டின் விலை இங்கே புதைந்திருக்கிறது.

செத்தவர்களையும் அடிபட்டவர்களையும் கீழே கொண்டுவந்தவர்களில் நம் ஆட்கள் இருந்தார்கள். காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படை, சுமார் 1,100 பேர். அதில் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். 1860ல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து கொண்டுவந்து இறக்கிய முதல் கூட்டத்திலிருந்து, டர்பனும் லேடிஸ்மித்தும் அடங்கிய நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தக்காரர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னை மாகாணத்தவர்தான். ஆகவே இந்த டோலிகளைத் தூக்கிய தோள்களில் தமிழும் தெலுங்கும் பேசியவை எத்தனையோ. ஒரே நாளில் இருபது இருபத்தைந்து மைல் தூக்கி நடந்திருக்கிறார்கள். இந்தப் போரில் இந்தியர் கையில் துப்பாக்கி கொடுப்பதில்லை என்பது கொள்கை. வெள்ளைக்காரர் போர் என்று இரு தரப்பும் பேசிக்கொண்டார்கள். கறுப்பினத்தவர் 10,000 பேருக்கு மேல் ஆயுதம் கொடுத்திருப்பதைப் பிரிட்டிஷ் தளபதி கிச்சனர் பின்னால் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

டோலி என்று எழுதிவிட்டேன், அது இரண்டு மூங்கில்களும் கான்வாஸும். குன்றின் சரிவில் நடக்கும்போது யோசித்தேன்: வெறுங்கையோடு இறங்கவே எனக்கு முட்டி வலிக்கிறது.

புதன், டர்பன்

மதியம் வந்து சேர்ந்தோம். பன்னி சவ் சாப்பிட்டாயிற்று. ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றுகிறார்கள், கை போடும் இடத்தில் ருசி. அதைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள்.

டர்பனில் இந்தியர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பெரியவரைப் பார்க்கத்தான் வந்தேன். லேடிஸ்மித் நண்பர் சொல்லி அனுப்பியது. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பது தாண்டியவர். தமிழ் கொஞ்சம் துருப்பிடித்திருந்தாலும் ஓடுகிறது. “லேத் என்ன லேத் தம்பி? எத்தனை அடி?” இதுதான் முதல் கேள்வி. ஆறடி என்றேன். “சின்ன லேத்து” என்று உதட்டைப் பிதுக்கினார்.

பெர்சி ஸ்காட் கதை அவருக்குத் தெரியும். போரின்போது ஸ்காட் டர்பனின் ராணுவத் தளபதியாகவே இருந்தவர். லாங் செசில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு வளையங்களையே பார்த்தார். “ஷ்ரிங்க் பண்ணியிருக்கான். நல்லா பண்ணியிருக்கான்.”

பேச்சு அப்புறம் அவர் காலத்துக்கு வந்தது. 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் நேட்டாலில் ஜூலு மக்களின் இன்காத்தா கட்சி ஆட்களுக்கும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் பக்கத்தவர்களுக்கும் நடந்த சண்டையில் ‘க்வாஷா’ என்ற வீட்டுத் துப்பாக்கி நிறைய புழங்கியது. தண்ணீர்க் குழாய்தான் குழல். சுடுகிறவன் கையையே கொண்டுபோய்விடும் என்றார். “அந்தப் பசங்க பட்டறையிலே வேலை கத்துக்கிட்டிருந்தா என்னமோ பண்ணியிருப்பாங்க. அதுக்கு அவங்களை யாரு உள்ள விட்டா?” என்று கேட்டுவிட்டு, பட்டறையில் நல்ல வேலையெல்லாம் வெள்ளைக்காரருக்கென்று ஒதுக்கி வைத்திருந்த காலத்தைக் கொஞ்ச நேரம் திட்டினார். நியாயமான திட்டு.

காபி வந்தது. அவர் விடுவதாக இல்லை. பத்தடி உருளையில் துளை போட வேண்டுமென்றால் ஒரு பக்கத்திலிருந்து போவாயா, இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சேர்ப்பாயா என்று கேட்டார். ஒரு பக்கத்திலிருந்துதான், பிசகினால் பின்னால் பெரிய துளையாக்கிச் சரிசெய்துகொள்ளலாம் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. பென்சில் கொண்டுவரச் சொல்லி, தம்பியின் கார் வாடகை ரசீதைத் திருப்பிப் போட்டு வரைய ஆரம்பித்தார். கட்டர் சுழலக் கூடாதாம், உருளைதான் சுழல வேண்டுமாம், அப்போதுதான் துளை நடுவிலேயே நிற்குமாம். சீவலை வெளியே தள்ள எண்ணெயை எந்தப் பக்கத்திலிருந்து அழுத்துவது என்பதில் எங்களுக்குள் இன்னும் தீர்வு வரவில்லை. நாளைக் காலை விமானத்துக்கு முன்னால் ஒருமுறை வந்துவிட்டுப் போ என்றிருக்கிறார்.